குடலில் குடியிருப்போர்

வயிற்றுக்குத் தமிழ்மொழி அளித்திருக்கும் இடம் பெரிது. தாயின் பாசத்தைக் கூற வந்தவர் ‘பெற்ற வயிறு’ என்றனர். பொறாமையைக் கூற வந்தவர் ‘வயிற்றெரிச்சல்’ என்றனர். அச்சம் வந்தால் அடிவயிறு கலங்குகிறது. நற்செய்தி வந்தால் வயிற்றில் பால் வார்த்தது போல் இருக்கிறது. இத்துணைப் பெருமையும் வயிற்றோடு நின்றுவிட்டது. அதன் கீழே சுருண்டு கிடந்து, இரவு பகல் பாராது உழைக்கும் குடலைப் பற்றிப் பேச மட்டும் மக்களுக்கு நா எழுவதில்லை. குடலைப் பற்றிப் பேசினால் மலத்தைப் பற்றியும் பேச வேண்டிவரும்; மலத்தைப் பற்றிப் பேசுவது நாகரிகம் அன்று எனக் கருதப்பட்டு வந்துள்ளது. எதைப் பற்றிப் பேச மனிதன் நாணுகிறானோ, அதைப் பற்றி அவன் அறிந்துகொள்வதும் காலந்தாழ்ந்தே நிகழ்கிறது. குடல் அழற்சி நோயின் வரலாறு இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும்.

நாணம் துறந்து முதலில் நோக்கியவர் ஒரு துணி வணிகர். ஆலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் வாழ்ந்த லீவன்ஹூக், தாமே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லைகளின் வழியே மழைநீரையும் பல்லழுக்கையும் நோக்கியவர். 1681ஆம் ஆண்டில் வயிற்றுப்போக்கால் தாம் துன்புற்றபோது, அவர் தம் மலத்தையே எடுத்து வில்லையின்கீழ் வைத்தார். அதனுள் நீந்தித் திரிந்த சிற்றுயிர்களைக் கண்டு, இலண்டன் அரச கழகத்துக்கு மடல் எழுதினார். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் சென்றபின், 1885இல், செருமானியக் குழந்தை மருத்துவர் தியோடர் எஷெரிக், குழந்தைகளின் மலத்திலிருந்து ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்து விளக்கினார். பிற்காலத்தில் அது அவர் பெயராலேயே எஷெரிக்கியா கோலி என வழங்கலாயிற்று. பிறர் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிய இடத்தில், இவர்கள் குனிந்து நோக்கினர். அறிவியல் வளர்ந்தது அவ்வாறு குனிந்தவர்களால்தான் அன்றோ?

குடலில் குடியிருப்போர் எத்தனை பேர்? 2016இல் இசுரேல் நாட்டின் வைசுமன் ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் ஒரு கணக்கை வெளியிட்டனர். 70 கிலோ எடையுள்ள ஓர் ஆடவனின் உடலில் உள்ள மனித உயிரணுக்கள் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி. பாக்டீரியாக்களோ ஏறத்தாழ 38 இலட்சம் கோடி. அவற்றுள் பெரும்பாலானவை பெருங்குடலிலேயே வாழ்கின்றன. அவை அனைத்தையும் திரட்டித் தராசில் இட்டால் 200 கிராம் அளவே நிற்கும். ஒரு கைப்பிடி எடைக்குள் இத்தனை கோடி உயிர்கள்! மனிதன் தன்னை ஒருவன் என எண்ணிக்கொள்கிறான். உண்மையில் அவன் ஓர் ஊர்.

இவ்வூர் மக்கள் வாடகை கொடாமல் இருப்பவர் அல்லர். மனிதனால் செரிக்க இயலாத நார்ப்பொருளும், சிறுகுடலில் செரியாமல் தப்பிவந்த மாச்சத்தும் பெருங்குடலை அடைகின்றன. அங்குள்ள நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்கச் செய்து, பியூட்டிரிக் அமிலம் முதலான சிறு கொழுப்பமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவரில் உள்ள உயிரணுக்கள் தங்கள் ஆற்றலின் பெரும்பகுதியை இரத்தத்திலிருந்து பெறவில்லை, இவ்வமிலத்திலிருந்தே பெறுகின்றன என்பதை ரோடிகர் என்னும் அறுவை மருத்துவர் 1980இல் எடுத்துக்காட்டினார். வீட்டுக்காரன் உண்டு எஞ்சியதைக் குடியிருப்போர் உண்கின்றனர். அவர்கள் ஆக்கித் தருவதைக் கொண்டு வீட்டின் சுவர் நிலைபெறுகிறது. இதைவிட இசைந்த இல்லறம் வேறு உண்டோ?

இவ்விசைவு குலைவதே துன்பத்தின் தொடக்கம். 1859இல் இலண்டன் மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ், பெருங்குடல் முழுதும் புண்ணாகி இறந்த ஒரு பெண்ணின் நிலையை விளக்கி எழுதினார். பெருங்குடல் புண் அழற்சி என்னும் நோய் மருத்துவ உலகிற்கு அறிமுகமானது அவ்வாறே. 1932இல் நியூயார்க்கு மவுண்ட் சினாய் மருத்துவமனையின் குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் ஆகிய மூவரும் சிறுகுடலின் கடைப்பகுதியைத் தாக்கும் மற்றோர் அழற்சியை 14 நோயாளிகளிடம் கண்டு வெளியிட்டனர். அது இன்று குரோன் நோய் எனப் பெயர் பெற்றுள்ளது. இரண்டும் ஒரு குடும்பத்து நோய்கள். மலத்தோடு இரத்தம் போகும், வயிறு முறுக்கும், உடல் மெலியும், களைப்பு நீங்காது. சில திங்கள் அடங்கிக் கிடந்து மீண்டும் தலைதூக்கும். பெரும்பாலும் படிக்கும் வயதினரையும் உழைக்கும் வயதினரையுமே இவை தேடி வருகின்றன.

கிருமி ஒன்று புறத்திலிருந்து வந்து தாக்குவதால் உண்டாகும் நோய் அன்று இது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல், தன் ஊரிலேயே அமைதியாகக் குடியிருப்போர்மீது ஓயாமல் படையெடுப்பதால் விளைவது. செருமனியின் கொலோன் நகரில் 1993இல் நிகழ்ந்த ஓர் ஆய்வு இதற்குச் சான்று தந்தது. எதிர்ப்பாற்றலை அடக்கி ஆளும் ‘இன்டர்லூக்கின் 10’ என்னும் பொருள் சுரக்காதவாறு எலிகளின் மரபணுவை மாற்றினர். அவ்வெலிகளுக்குக் குடல் அழற்சி கண்டது. பின்னர் 1998இல் வேறோர் ஆய்வுக் குழுவினர், அதே குறையுடைய எலிகளை நுண்ணுயிர் எதுவும் அண்டாத கூண்டுகளில் வளர்த்து நோக்கினர்; அவற்றுக்கு அழற்சி தோன்றவில்லை. குடியிருப்போர் இல்லையேல் கலகமும் இல்லை. ஆயினும் கலகத்துக்குக் காரணம் குடியிருப்போர் மட்டும் அல்லர். அடக்கமிழந்த காவலனும் காரணம்.

இந்நோய்க்கான மருந்தின் கதை இன்னும் வியப்புடையது. சுவீடன் நாட்டு அம்மையார் நன்னா ஸ்வார்ட்ஸ், மூட்டு அழற்சிக்காகச் சல்பா மருந்தொன்றையும் சாலிசிலிக் அமிலத்தோடு உறவுடைய பொருளொன்றையும் இணைத்து உருவாக்கப்பட்ட மருந்தைக் குடல் புண் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பயன்கண்டு, 1942இல் வெளியிட்டார். சல்பாசலசீன் என்பது அதன் பெயர். நோயாளிகள் நலம் பெற்றனர். மருந்து எவ்வாறு வேலை செய்கிறது என்பதோ முப்பது ஆண்டுகள் விளங்கவில்லை. 1972இல் அமெரிக்க ஆய்வாளர்களான பெப்பர்கார்னும் கோல்டுமனும் அதை எலிகளுக்குக் கொடுத்தனர். இயல்பான எலிகளின் குடலில் அம்மருந்து இரண்டாகப் பிளந்தது. நுண்ணுயிர் அற்ற எலிகளின் குடலிலோ பிளவுபடாமல் அப்படியே வெளியேறியது. மருந்துப் பொட்டலத்தின் முடிச்சை அவிழ்ப்பவை பாக்டீரியாக்களே எனத் தெளிவாயிற்று.

அவிழ்ந்த இரண்டனுள் நோயைத் தணிப்பது எது? இச்சிறு வினாவை எடுத்துக்கொண்டவர் ஆசாத் கான். வங்காளதேசத்திலிருந்து சென்று ஆக்ஸ்போர்டில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். முழு மருந்தையும், பிளவுபட்ட பகுதிகள் இரண்டையும் தனித்தனியே நோயாளிகளின் பெருங்குடலுக்குள் செலுத்தி, 1977இல் தம் ஆசிரியர் ட்ரூலவ் முதலானோருடன் விடையை வெளியிட்டார். நோயைத் தணிப்பது சல்பா பகுதி அன்று. மற்றைய பகுதியே என்பது அவ்விடை. ஒவ்வாமையும் தலைவலியும் வாந்தியும் பெரும்பாலும் சல்பாவினால் வருவன. ஆகவே அதை நீக்கிய மெசலசீன் என்னும் மருந்து பின்னர்ப் புழக்கத்துக்கு வந்தது. இன்று உலகெங்கும் எண்ணற்றோர் காலையில் விழுங்கும் மாத்திரைக்குள் அச்சிறு வினாவின் விடை அடங்கியிருக்கிறது. பெரிய வினாவைக் கேட்பதால் மட்டும் பெரிய பயன் விளைவதில்லை. விடை காணத்தக்க வினாவைக் கேட்பதால் விளைகிறது.

இவ்வுண்மையை நாள்தோறும் உணர்ந்துவரும் ஆய்வு மாணவி ஒருத்தி மலேசியாவில் இருக்கிறாள். ஈப்போவுக்கு அருகே, இரப்பர்த் தோட்டம் வீடமைப்பு நிலமாக மாறியபின் நகர்ப்புறத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பம் அவளுடையது. பாட்டி பால்மரம் வெட்டியவர். தந்தை லாரி ஓட்டுபவர். தமிழ்ப்பள்ளியில் தொடங்கிய கல்வி, அவளைக் குடல் நுண்ணுயிர்களைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வு வரை கொண்டு வந்துள்ளது. மகள் என்ன படிக்கிறாள் என அண்டை வீட்டார் வினவினால், தாய் ‘டாக்டர் படிப்பு’ என்று மட்டும் கூறி நிறுத்திக்கொள்வார். மலத்தை ஆய்கிறாள் என்று எப்படிச் சொல்வது?

அந்நாணத்தின் விலையை அக்குடும்பம் முன்னரே கொடுத்திருந்தது. தந்தைக்கு மலத்தில் இரத்தம் கண்டபோது அவர் அதை மூலம் என்றே முடிவு செய்தார். கருணைக்கிழங்கு லேகியம் உண்டார், உறைப்பை விலக்கினார், மனைவியிடமும் சொல்லவில்லை. நெடுஞ்சாலையில் திடீரென வயிறு முறுக்கினால் ஒதுங்க இடம் இராதே என்று அஞ்சி, லாரி ஓட்டும் நாள்களில் காலை உணவையே விட்டார். ஒட்டுக்கடையில் நண்பர்கள் உண்ணும்போது பசியில்லை என்றார். மூன்று ஆண்டுகள் அவ்வாறு கழிந்தன. ஒருநாள் சுமை இறக்கும்போது தலைசுற்றி விழுந்தார். மருத்துவமனையில் இரத்தத்தின் அளவைக் கண்ட மருத்துவர் திடுக்கிட்டார். குழாய்க் கருவியால் பெருங்குடலின் உட்புறம் நோக்கிய பின்னரே, மூலம் அன்று, புண் அழற்சி எனத் தெரிந்தது.

அவர் ஒருவரின் கதை மட்டும் அன்று இது. கிந்தா பள்ளத்தாக்கில் 2011 முதல் 2013 வரை எடுக்கப்பட்ட கணக்கு, இக்குடல் அழற்சி நோய்கள் மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகிய மூவினத்தாருள் இந்தியரிடையே மிகுதியாகத் தோன்றுவதைக் காட்டிற்று. கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையின் முந்தைய ஆய்வும் பெருங்குடல் புண் அழற்சியைப் பற்றி அவ்வாறே கூறியது. மேலை நாட்டினரோடு ஒப்பிடும்போது மொத்த எண்ணிக்கை இன்னும் சிறிதே. ஆயினும் ஒரே காற்று, ஒரே நீர், ஒரே சந்தை என வாழும் மக்களுள் ஓரினத்தாரை மட்டும் இந்நோய் ஏன் மிகுதியாக நாடுகிறது? ஐரோப்பியரிடம் குரோன் நோய்க்கு வழிகோலும் ‘நாட் 2’ என்னும் மரபணுவின் மாற்றங்கள் 2001இல் கண்டறியப்பட்டன. அவை ஆசிய மக்களிடம் அரிதாகவே உள்ளன. ஆதலால் ஐரோப்பாவில் கிடைத்த விடையை இங்கே அப்படியே பொருத்திப் பார்க்க இயலாது. இம்மண்ணில் வாழ்வோரின் குடலை இம்மண்ணிலேயே ஆய வேண்டியிருக்கிறது.

அம்மாணவி முதலில் வகுத்துக்கொண்ட வினா, ‘இந்தியருக்கு இந்நோய் ஏன் வருகிறது?’ என்பதே. அவளுடைய மேற்பார்வையாளரான மலாய்ப் பேராசிரியை அதைப் படித்துவிட்டு, இது ஓர் ஆய்வேட்டுக்குரிய வினா அன்று, ஒரு நூற்றாண்டுக்குரிய வினா என்றார். ஆறு திங்கள் வினாவைச் செதுக்குவதிலேயே கழிந்தன. 2008இல் ஹாரி சோக்கோல் முதலான பிரெஞ்சு ஆய்வாளர்கள், ஃபேக்கலிபாக்டீரியம் பிராஸ்னிட்சி என்னும் நுண்ணுயிர் குறைந்திருந்த குரோன் நோயாளிகளுக்கு, அறுவைக்குப் பின்னும் நோய் மீளும் வாய்ப்பு மிகுதி எனக் காட்டியிருந்தனர். பியூட்டிரிக் அமிலத்தை ஆக்கும் நுண்ணுயிர்களுள் அது முதன்மையானது. அத்தகைய நுண்ணுயிர்கள், இங்குள்ள நோயாளிகளிடம் நோய் அடங்கியிருக்கும் காலத்திலும் தலைதூக்கும் காலத்திலும் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதே அவளுக்கு எஞ்சிய வினா.

வினா சிறிதாயிற்று; உழைப்பு பெரிதாயிற்று. அந்நுண்ணுயிர் காற்றுப் பட்டால் சில நிமிடங்களில் மடியும். ஆதலால் காற்றின் உயிர்வளியை நீக்கிய கண்ணாடிப் பெட்டிக்குள், கையுறை வழியே கைகளை நுழைத்து அதை வளர்க்க வேண்டும். நோயாளிகள் தரும் மலத்தைப் பனிக்கட்டியில் வைத்துக் கொணர்ந்து, சுழியத்துக்குக் கீழ் 80 பாகைக் குளிரில் காக்க வேண்டும். பின்னர் அதிலுள்ள மரபணுப் பொருளைப் பிரித்து, எவ்வெவ் வகை எவ்வளவு எனக் கணக்கிட வேண்டும். ஒரு வார இறுதியில் மின்சாரம் தடைப்பட்டுக் குளிர்ப்பெட்டி நின்றுபோயிற்று. நான்கு திங்கள் சேர்த்த மாதிரிகள் உருகிப் பயனற்றன. அவள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் புதிய புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டத் தொடங்கினாள்.

மாதிரி தருமாறு நோயாளிகளை இணங்கச் செய்வது அதனினும் கடிது. அவள் தந்தையே முதலில் மறுத்தார். “பெத்த பொண்ணு கையில அதைக் கொடுக்கச் சொல்றியா?” என்று கேட்டார். புட்டியில் பெயர் இராது, எண் மட்டுமே இருக்கும் என்றும், வாங்குபவர் தாதியே என்றும், எந்த எண் எவருடையது என்பது மகளுக்குத் தெரியாது என்றும் மருத்துவர் விளக்கிய பின்னரே இசைந்தார். அதன்பின் அவள் ஆய்வுக்கூடத்தில் எடுத்த ஒவ்வொரு புட்டியும் தந்தையுடையதாக இருக்கக்கூடும். ஆதலால் எதையும் அவள் அலட்சியமாகக் கையாள முடியவில்லை. நோயாளியின் பெயரை மறைக்கும் விதி, அவளை எல்லா நோயாளிக்கும் மகளாக்கிவிட்டது.

ஒருநாள் தந்தை, “நீ கண்டுபிடிச்சா எனக்குச் சரியாயிடுமாம்மா?” என வினவினார். ஆம் என்று சொல்லிவிடுவது எளிது. “இல்லப்பா. உங்க மருந்த நீங்க விடாம சாப்பிடணும். நான் செய்யிறது பின்னால வர்றவங்களுக்கு” என்றாள் அவள். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, “அப்படின்னா சரி, செய்யி” என்றார்.

அந்த நேர்மை ஆய்வேட்டிலும் அவளிடம் எதிர்பார்க்கப்பட்டது. நுண்ணுயிர் குறைந்ததால் நோய் வந்ததா, நோய் வந்ததால் நுண்ணுயிர் குறைந்ததா? வயிற்றுப்போக்கும், மருந்தும், உணவை விலக்குவதும் நுண்ணுயிர்களை மாற்றவல்லவை. ஆகவே, அவள் ‘காரணம்’ என எழுதிய இடங்களிலெல்லாம் பேராசிரியை ‘தொடர்புடையது’ எனத் திருத்தினார். ஒரு சொல்தான், ஆனால், அறிவியலுக்கும் விளம்பரத்துக்கும் இடையே உள்ள தொலைவு அவ்வொரு சொல்லில் இருக்கிறது.

அத்தொலைவை மறந்தவர்கள் இன்று மலிந்துள்ளனர். ‘நல்ல பாக்டீரியா’ என்னும் பெயரில் குளிகைகளும் பானங்களும் குடல் நோய் அனைத்தையும் தீர்க்கும் என விற்கப்படுகின்றன. நலமுடையோரின் மலத்திலுள்ள நுண்ணுயிர்களை நோயாளியின் குடலுக்குள் செலுத்தும் முறை, குளோஸ்டிரிடியம் டிஃபிசில் என்னும் கொடிய தொற்றுக்கு மிக்க பயன் தருவதை 2013இல் ஆலந்து மருத்துவர்கள் மெய்ப்பித்தனர். ஆனால், அம்முறையைப் பெருங்குடல் புண் அழற்சிக்குக் கையாண்டு 2015இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகளுள், கனடாவில் நிகழ்ந்தது பயனுண்டு என்றது. ஆலந்தில் நிகழ்ந்தது தெளிவான பயன் காணவில்லை. ஒரு நோயை வென்ற முறை மற்றொன்றையும் வெல்லும் என முடிவு செய்வதற்கில்லை.

பழைய சோற்றின் புகழையும் இவ்வாறே நிறுத்துப் பார்த்தல் வேண்டும். சமைத்து ஆறிய சோற்றில், சிறுகுடலில் செரியாத மாச்சத்தின் அளவு கூடுகிறது. அது பெருங்குடலின் நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. இது மெய். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் இராமகிருஷ்ணா முதலானோர், காலரா நோயாளிகளுக்குத் தரும் உப்புக் கரைசலில் அத்தகைய செரியா மாச்சத்தைச் சேர்த்தால் வயிற்றுப்போக்கு விரைந்து குறைவதை 2000இல் நிறுவினர். இதுவும் மெய். இவ்விரண்டையும் கூட்டி, பழைய சோறு குடல் அழற்சியைத் தீர்க்கும் என்றும், மருந்தை நிறுத்திவிடலாம் என்றும் கூறுவதற்கு இதுவரை சான்று இல்லை. முன்னோர் உணவைப் போற்றுதல் வேறு. முன்னோர் பெயரால் நோயாளியை மருந்திலிருந்து பிரித்தல் வேறு. முன்னது பண்பு, பின்னது பழி.

இவ்வாய்வுகளிலிருந்து ஒரு குடும்பம் இன்றே எடுத்துக்கொள்ளத்தக்கன சில உள. மலத்தில் இரத்தம் கண்டால் அதை மூலம் எனத் தானே முடிவு செய்யாமல் மருத்துவரை நாடுதல் வேண்டும். வாரக்கணக்கில் நீளும் வயிற்றுப்போக்கையும் காரணமின்றி உடல் மெலிவதையும் மறைத்தல் கூடாது. நோய் அடங்கியதும் மருந்தை நிறுத்துதல் கூடாது. நீண்டகாலம் கவனியாது விடப்பட்ட பெருங்குடல் அழற்சி புற்றுநோய்க்கும் இடம் தரக்கூடும் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். இவற்றுள் எதற்கும் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. நாணத்தை வெல்லும் துணிவே வேண்டும்.

அத்துணிவை ஊட்ட வேண்டிய இடம் வகுப்பறை. உடல்நலப் பாடத்தில் கிருமி என்றதும், கொம்பும் கூர்ப்பல்லும் உடைய அரக்கனின் படத்தையே பிள்ளைகள் காண்கின்றனர். கைகழுவக் கற்பிக்க அப்படம் பயன்படலாம், தவறில்லை. ஆனால், அதன் பக்கத்தில் மற்றொரு படமும் இருத்தல் வேண்டும். நார்ப்பொருளை உண்டு, குடற்சுவருக்கு ஆற்றல் தந்து, மருந்தின் முடிச்சையும் அவிழ்த்துவிடும் அச்சிறு குடிகளின் படம் அது. உடலின் எந்தப் பகுதியைப் பற்றியும் ஆசிரியர் முகம் சுளிக்காமல் பேசினால், பிள்ளையும் வீட்டில் முகம் சுளிக்காமல் பேசும். மூன்று ஆண்டு மறைக்கப்படும் நோய் மூன்றே வாரத்தில் மருத்துவரை அடையும். அவ்வகுப்பில் அமர்ந்திருக்கும் ஒருவன் அல்லது ஒருத்தி, பிறர் விலகும் இடத்தில் குனிந்து நோக்கும் அடுத்த ஆய்வாளராகவும் வளரக்கூடும்.